60 வெள்ளிக்குள் ஒரு ஐ கிரீம்

கல்யாண மண்டபமோ, பத்துமலையோ, செந்தூல் மார்க்கெட்டோ, தெரிந்தவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பும் காலையில் வரும் லேசான வீக்கமும்தான் அப்படிக் கேட்க வைக்கின்றன. கோலாலம்பூரின் பங்சார் சவுத்தில், ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை. அவர்கள் நேரத்துக்கு நாங்கள் உட்கார வேண்டும். சாயங்காலம் போனால் வீடு வந்து படுக்க ராத்திரி இரண்டு மணி ஆகிவிடும். வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது.

சரி, ஐ கிரீம், அதாவது கண்ணுக்குக் கீழே பூசும் கிரீம் ஒன்று வாங்கிப் பார்ப்போம் என்று இறங்கியபோது எனக்கு நானே போட்டுக்கொண்ட வரம்பு 60 வெள்ளி, அதாவது 60 மலேசிய ரிங்கிட். வீட்டுத் தவணை, கார் தவணை, மகளின் டியூஷன் என்று போகும் குடும்பத்தில், கட்டைவிரல் அளவு டப்பாவுக்கு 200, 300 வெள்ளி கொடுக்க எனக்கு மனசு வராது. இந்த விலைக்குள் உருப்படியானது கிடைக்குமா என்றால், தாராளமாகக் கிடைக்கும். ஆனால் எது நல்ல கிரீம் என்று தேடியதைவிட, என் கண்ணுக்கு என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்ளத்தான் அதிக நாள் பிடித்தது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கருவளையம் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே இருப்பதோ வேறு வேறு சங்கதிகள். சிலருக்குத் தோலிலேயே நிறமி கூடியிருக்கும். அது பழுப்பாகத் தெரியும். நம்மவர்களின் தோலில் இது ரொம்பச் சகஜம், பரம்பரையாகவும் வரும். சிலருக்குத் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். அது நீலம் அல்லது ஊதாச் சாயலில் இருக்கும். கண்ணுக்குக் கீழே இருப்பது உடம்பிலேயே மிக மெல்லிய தோல், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். உள்ளே இருப்பது வெளியே தெரிவதில் ஆச்சரியம் இல்லை. இன்னும் சிலருக்கு அது வெறும் நிழல். வயது ஏறும்போது கன்னத்துச் சதை இறங்கி, மூக்கோரத்திலிருந்து ஒரு பள்ளம் விழும். மேலேயிருந்து விளக்கு வெளிச்சம் பட்டால் அந்தப் பள்ளத்தில் நிழல் கட்டும். அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடியில் எல்லோரும் நோயாளி மாதிரித் தெரிவதற்கு இதுதான் காரணம். பாதிப் பேருக்கு மேல் இவை கலந்துதான் இருக்கும் என்பது என் அனுமானம்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நின்று, கைக்கண்ணாடியில் பாருங்கள். கீழ்த்தோலை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுங்கள். பழுப்பு அப்படியே தோலோடு நகர்ந்து வந்தால் நிறமி. ஊதா இன்னும் தூக்கலாகத் தெரிந்தால் ரத்தக் குழாய். முகத்தை வெளிச்சத்துக்கு நேராக நிமிர்த்தியதும் கருப்பு பாதியாகக் குறைந்தால் அது நிழல். அதற்கு எந்த கிரீமும் பெரிதாக ஒன்றும் செய்யாது. டாக்டர் பார்ப்பதற்கு இது ஈடாகாது, ஆனாலும் கடையில் எந்த அலமாரிக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

எனக்கு மூன்றும் கலந்தே இருந்தன. மூக்கோரத்தில் ஊதாவும் பள்ளமும், வெளிப்பக்கம் பழுப்பு. பழுப்பு அம்மா கொடுத்த சொத்து. அவருடைய கல்யாணப் படம் கருப்பு வெள்ளையில் எடுத்தது, அதிலும் அந்த வளையம் தெரிகிறது. அப்போது அவருக்குக் கைப்பேசியும் இல்லை, நள்ளிரவு வேலையும் இல்லை. விடியுமுன்னே எழுந்து பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போனவர் என்பது வேறு கதை. ஆக, 60 வெள்ளி டப்பா ஒன்று தலைமுறை தலைமுறையாக வரும் நிறத்தை அழித்துவிடும் என்ற ஆசையை அன்றே விட்டுவிட்டேன். அது ஒரு நிம்மதி.

ஊதாவும் காலை வீக்கமும்தான் எனக்குப் புரியாமல் இருந்தன. வீட்டுப் பக்கத்து மருந்துக் கடையில் இருக்கும் மருந்தாளர் ஒரு சீனப் பெண்மணி, நிதானமானவர். ஐ கிரீம் எது நல்லது என்று கேட்டதற்கு அவர் திருப்பிக் கேட்டார்: காலையில் எழுந்ததும் தும்முவீர்களா? மூக்கு அடைக்குமா? கண் அரித்துத் தேய்ப்பீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றேன். மூக்கில் ஒவ்வாமை இருந்தால் அங்குள்ள நாளங்கள் வீங்கி, கண்ணைச் சுற்றியிருந்து ரத்தம் திரும்பிப் போவது மந்தமாகிவிடும்; அதனால் கண்ணுக்குக் கீழே ஊதாவாகவும் உப்பலாகவும் தெரியும் என்று விளக்கினார். அதற்கு மேல் நாமே கண்ணைத் தேய்த்துத் தேய்த்து நிறமியை வேறு கூட்டிக்கொள்கிறோம். தோலுக்கு எங்கெல்லாம் உரசலும் எரிச்சலும் நடக்கிறதோ அங்கெல்லாம் நம் நிறத்துத் தோல் கருத்துப்போகும்.

கிரீமை அவர் அன்று விற்கவே இல்லை. தூக்கக் கலக்கம் தராத வகை ஒவ்வாமை மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைக்கச் சொன்னார். ஏர்கோன் வடிகட்டியைக் கழுவச் சொன்னார். நம் ஊர் ஈரக்காற்றுக்கு மெத்தையில் தூசிப் பூச்சிகள் செழித்து வளரும். வடிகட்டியைக் கழுவியபோது வந்த தண்ணீரின் நிறத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். ஆனால் கிரீம் எதுவும் தொடாமலேயே காலை வீக்கம் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. புகைமூட்டம் வரும் மாதங்களில் மட்டும் மறுபடி தலைகாட்டும். அப்போது வெளியே போகும்போது முகக்கவசம், வீட்டுக்கு வந்ததும் உப்புநீரில் மூக்கு கழுவுவது. மூக்கு கழுவக் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது, கொதித்து ஆறின தண்ணீர்தான்.

இன்னொன்றும் அந்தச் சமயத்தில்தான் பிடிபட்டது. வேலை முடிந்து ஒரு மணிக்கு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மெகி கோரெங், அதாவது வறுத்த மெகி நூடல்ஸ் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்தால், மறுநாள் கண் உப்பித்தான் இருக்கும். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், படுத்திருக்கும்போது அந்தத் தண்ணீர் முகத்தில் தேங்கும். முழுக்க விட முடியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். மறுநாள் காலையில் ஏதாவது விசேஷம் என்றால் மட்டும் மாமாக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொள்வதும் உதவுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு கிரீம் வாங்கும் காரணம் எனக்குச் சுருங்கிப்போனது. நாள் முழுக்க ஏர்கோனில் உட்காருவதால் வரும் வறட்சி, அதனால் தெரியும் மெல்லிய கோடுகள், கொஞ்சம் பழுப்பு. இவ்வளவுதான். இதற்கு விலை குறைந்த கிரீம் போதும். கண்ணடித் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, அதனால் முகத்தில் முதலில் காய்வது அந்த இடம். ஈரம் ஏற்றினாலே கோடுகள் பாதி மறைந்த மாதிரி இருக்கும். விலை உயர்ந்த டப்பாக்களும் முதல் வாரத்தில் காட்டும் வித்தை இதேதான்.

நியூ சென்ட்ரல் பேரங்காடியில் உள்ள கடைகளில் நின்று டப்பா டப்பாவாகத் திருப்பிப் படித்தேன். "காக் (அக்கா), இது முகத்தை வெள்ளையாக்கும்" என்று விற்பனைப் பெண் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். பாவம், அவளுக்கும் மாத இலக்கு இருக்கும். லேபிளைப் படிக்க ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். சேர்மானங்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். பினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தி ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லாதது. டப்பாவின் முன்பக்கம் தங்கத் துகள், குங்குமப்பூ, ஜின்செங் என்று பெரிதாகப் போட்டிருந்து, பின்பக்கம் அவை பினாக்ஸிஎத்தனாலுக்கும் கீழே இருந்தால், பேருக்குத் தூவியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ரெட்டினோல், பெப்டைட் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்பவை. அவை கீழே இருப்பதால் குறை சொல்ல முடியாது.

நான் தேடியவை கிளிசரின், ஹயலூரோனிக் அமிலம், செராமைடு, நியாசினமைடு. முதல் இரண்டும் தண்ணீரை இழுத்துப் பிடிப்பவை. செராமைடு நம் தோலிலேயே இயற்கையாக இருக்கும் கொழுப்பு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கும். நியாசினமைடு என்பது வைட்டமின் பி3. நிறமி தோலின் மேலடுக்குக்கு ஏறி வருவதைத் தணிக்கும். அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். நான் தவிர்த்தது வாசனை சேர்த்தவற்றை. கண் பக்கத்தில் ரோஜா மணம் எனக்கு எதற்கு?

காஃபீன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளம் பெண்கள் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். தி ஆர்டினரி என்ற பிராண்டின் 5 சதவீதக் காஃபீன் சீரம் 30 மில்லி குப்பியில் வருகிறது, விலையும் நம் வரம்புக்குள். காஃபீன் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால் உப்பலும் ஊதாவும் சில மணி நேரம் குறைவாகத் தெரியலாம். அலுவலகத் தோழி ஒருத்தி அது இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள். ஆனால் 2011-ல் தாய்லாந்து ஆய்வாளர்கள் காஃபீன் ஜெல்லையும் காஃபீன் இல்லாத அதே ஜெல்லையும் வைத்துச் சோதித்தபோது, மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஜெல்லின் குளிர்ச்சிதான் முக்கியமாக வேலை செய்திருக்கிறது. அதைப் படித்த பிறகு நான் குளிர்பெட்டியில் இரண்டு தேக்கரண்டி போட்டு வைத்துவிட்டேன். உறைபெட்டியில் வேண்டாம், தோல் புண்ணாகிவிடும், கீழ்த்தட்டு போதும். முகம் கழுவியதும் கரண்டியின் முதுகுப் பக்கத்தைக் கண்ணுக்குக் கீழே கொஞ்ச நேரம் ஒற்றி எடுப்பேன். செலவு ஒன்றும் இல்லை.

விலையைப் பார்க்கும்போது டப்பாவின் விலையைப் பார்க்காமல் மில்லிக் கணக்குப் போடுவது என் பழக்கம், வேலை அப்படி. 15 மில்லி ஐ கிரீம் 60 வெள்ளி என்றால் ஒரு மில்லிக்கு 4 வெள்ளி. 50 மில்லி முகக் கிரீம் 45 வெள்ளி என்றால் ஒரு மில்லிக்கு 90 சென். இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பல சமயம் சேர்மானங்கள் ஒன்றுவிட்ட அக்கா தங்கை மாதிரி இருக்கும். வாசனை இல்லாத, கண்ணில் எரியாத முகக் கிரீம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதையே கண்ணுக்குக் கீழும் தடவலாம். தனி ஐ கிரீம் கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு முகக் கிரீம் பட்டால் கண் நீர் விட்டது, அதனால் தனியாக வாங்கினேன். கண் மருத்துவர் பார்த்து எரிச்சல் தராது எனச் சோதித்ததாக டப்பாவில் போட்டிருந்ததை எடுத்தேன்; டியூபில் வருவது, செராமைடும் நியாசினமைடும் உள்ளது. செராவே, ஹாடா லாபோ போன்ற மருந்துக் கடைப் பிராண்டுகளில் இந்த மாதிரிச் சேர்மானங்கள் பார்க்கக் கிடைக்கும். ஹலால் முத்திரை வேண்டும் என்பவர்களுக்கு சாஃபி இருக்கிறது, அது நம் நாட்டுப் பெயர்தான். டப்பாவைவிட டியூபும் பம்பும் நல்லவை; தினமும் விரல் விட்டுத் தோண்டாமல் இருந்தால் கிருமி சேராது, காற்றுப் பட்டு மருந்து கெடாது.

அதே கடைத்தெருவில் கண்டிப்பாக வாங்கக் கூடாதவையும் கிடைக்கும். எனக்கு வேண்டிய ஒரு பெண், இணையத்தில் யாரோ வீட்டில் செய்து விற்ற கிரீமை வாங்கிப் பூசினாள். ஒரே வாரத்தில் பளிச். எல்லோரும் விசாரித்தோம், நானும் வாங்கலாம் என்றே யோசித்தேன். பிறகு அதை நிறுத்தியதும் கண்ணைச் சுற்றிச் சிவந்து, எரிந்து, முன்பைவிடக் கருத்துப்போனது. டாக்டர் அதில் ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும் என்று சொன்னார். ஸ்டீராய்டைக் கண் பக்கத்தில் மேற்பார்வை இல்லாமல் தொடர்ந்து பூசினால் தோல் இன்னும் மெலியும், கண் அழுத்தமும் கண்புரையும் கூட வரலாம். இன்னொரு ஆபத்து மெர்குரி, அதாவது பாதரசம். வெளுப்பாக்கும் கிரீம்களில் மெர்குரி, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டு, நம் சுகாதார அமைச்சு அவ்வப்போது அவற்றின் பதிவை ரத்து செய்து பெயரோடு அறிவிக்கிறது.

மலேசியாவில் விற்கும் எந்த அழகுப் பொருளும் என்பிஆர்ஏ என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி அறிவித்த பொருளுக்கு உள்ள எண் 'என்ஓடி' (NOT) என்று ஆரம்பித்து 'கே' (K) என்று முடியும். அவர்களுடைய குவெஸ்ட் 3 பிளஸ் தேடலில் பொருளின் பெயரையோ எண்ணையோ போட்டுக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். எண் இருப்பதால் கிரீம் நன்றாக வேலை செய்யும் என்று அரசாங்கம் உறுதி கொடுத்ததாக அர்த்தம் இல்லை. யார் பொறுப்பு என்று தெரியும், அவ்வளவுதான். தேடி வராத பொருள் பாதி விலைக்குக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம். ஒரு வாரத்தில் வெளுக்கும் என்று சொல்கிற எதையும் நான் இப்போது கையில்கூட எடுப்பதில்லை.

புது கிரீமை நேராகக் கண்ணடியில் பூசாமல், முதலில் காதுக்குப் பின்னால் சில நாள் தடவிப் பார்த்தேன். அரிப்பு, சிவப்பு இல்லை என்றான பிறகுதான் முகத்துக்கு வந்தது. அளவு, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பச்சைப்பட்டாணிக்கும் குறைவு. மோதிர விரலால், ஏனென்றால் அது அதிகம் அழுத்தாது, கண்குழியின் எலும்பு மேல் ஒற்றி ஒற்றி வைப்பேன். இமை மயிர் ஓரம் வரை கொண்டுபோக வேண்டியதில்லை. உடம்புச் சூட்டுக்குக் கிரீம் தானாக மேலே நகர்ந்து வரும், ஓரத்தில் வைத்தால் அது கண்ணுக்குள் போய் எரிச்சல்தான் மிச்சம். அதிகமாகப் பூசினால் இன்னொரு தொல்லை: மேலே பவுடரோ சன்ஸ்கிரீனோ போட்டதும் அழுக்குத் திரள்வது போலத் திரண்டு வரும். முகம் கழுவி, தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே பூசுவதுதான் எனக்கு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

அலுவலகத்தில் என் மேசை ஏர்கோனின் நேர்க் கீழே. இடம் மாற்றிக் கேட்டும் கிடைக்கவில்லை. இரவு உணவு நேரத்தில் அரிசி மணி அளவு மறுபடி ஒற்றிக்கொள்கிறேன். கண்ணும் காய்கிறது என்பதால் சொட்டு மருந்தும் கைப்பையில் இருக்கிறது; கண் காய்ந்தால் கை தானாகத் தேய்க்கப் போகும், தேய்த்தால் கருக்கும்.

சன்ஸ்கிரீனைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "நாமதான் ஏற்கெனவே கருப்பாச்சே, அப்புறம் எதுக்கு?" என்று என் நாத்தனாரே கேட்டார். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரி வடக்கே இருக்கிறது, வருஷம் முழுக்க ஒரே வெயில். பழுப்பு வகைக் கருவளையத்துக்கு வெயில்தான் தீனி. கிரீம் ஒரு பக்கம் நிறமியைத் தணிக்கப் பார்க்க, வெயில் மறுபக்கம் கூட்டிக்கொண்டே இருக்கும். கார்க் கண்ணாடி வழியாகவும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் வரும். கண் பக்கத்துக்கு ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் பொதுவாக எரிச்சல் குறைவாகத் தரும். வெள்ளை பூத்துத் தெரிகிறது என்றால் நிறம் சேர்த்தது வாங்குங்கள். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொஞ்சம் தடுக்கும். நிறமிக்கு அதுவும் நல்லது. 60 வெள்ளியில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஐ கிரீமை விட்டுவிட்டு சன்ஸ்கிரீனை வாங்குங்கள் என்பேன். நல்ல கருப்புக் கண்ணாடி ஒன்றும் சேர்ந்தால் கண் சுருக்கிப் பார்ப்பதும் குறையும்.

கண்மை விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் இருப்பார்கள். நானும் மை இல்லாமல் வெளியே போகாதவள்தான். தொல்லை மையில் இல்லை, அதை எடுக்கும் விதத்தில் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம், அல்லது எடுக்காமலே தூங்குகிறோம். இப்போது பஞ்சில் எண்ணெய் கலந்த கிளென்சரை நனைத்து, மூடிய கண் மேல் சில நொடி அழுத்தி வைத்து, பிறகு ஒரே இழுப்பாகத் துடைத்து எடுக்கிறேன். தேங்காய் எண்ணெயும் மையைக் கரைக்கும், ஆனால் கழுவாமல் அப்படியே விட்டால் சிலருக்குச் சின்னச் சின்ன வெள்ளைப் பரு மாதிரி எழும்பும். பெயர் ஊர் இல்லாத மைக்குச்சிகளை மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். சில பாரம்பரிய மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் இருந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. கண்ணைச் சுற்றி விளக்கம் தெரியாத அரிப்பு இருந்தால், நகப்பூச்சையும் தலைச்சாயத்தையும் சந்தேகப்படுங்கள். இரண்டும் இமைத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. தலைவலிக்குக் கோடாரித் தைலத்தை நெற்றிப்பொட்டில் அழுத்தித் தேய்த்துவிட்டு அதே விரலைக் கண்ணில் வைக்கும் நம் தேசியப் பழக்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை.

ரெட்டினோலுக்கு நான் வந்தது கடைசியில்தான். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. கோடுகளைப் பொறுத்தவரை கடையில் கிடைப்பவற்றில் ஆதாரம் அதிகம் உள்ளது இதற்குத்தான். கொரியக் கம்பெனிகள் இதை விலை குறைவாகவே தருகின்றன. பியூட்டி ஆஃப் ஜோசோன் என்ற பிராண்டின் ஜின்செங், ரெட்டினால் (ரெட்டினோலின் நெருங்கிய உறவு) சேர்ந்த ஐ சீரம் நம் ஊர்க் கடைகளில் பரவலாகப் பார்க்கலாம். வாரத்தில் இரண்டு இரவு மட்டும், முதலில் செராமைடு கிரீம், அதன் மேல் அரிசி மணி அளவு இது என்று ஆரம்பித்தேன். தோல் உரிந்தாலோ எரிந்தாலோ நிறுத்திவிட்டு ஆற விட வேண்டும். பிடிவாதம் பிடித்தால் எரிச்சலே புதுக் கருப்பைக் கொண்டுவரும். கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினோல் வகையைத் தொடவே கூடாது. பூசிய மறுநாள் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போகவும் கூடாது.

என்ன மாறியது என்று கேட்டால், ஒரே ஜன்னல், ஒரே நேரம், பவுடர் இல்லாமல் மாதம் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணாடி நம்மை ஏமாற்றும், நம் மனநிலைக்கு ஏற்ப. படங்களில் வறட்சியும் கோடுகளும் சீக்கிரமே குறைந்துவிட்டன. பழுப்பு மூன்று மாதத்துக்கு மேல் ஆன பிறகு கொஞ்சம் வெளிறியது; போகவில்லை, போகாது. ஊதா, மூக்கைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. மூக்கோரப் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போடுபவர்கள் உண்டு. என் 60 வெள்ளி வரம்பில் அது எட்டாது, கண் பக்கத்தில் ஊசி என்றால் பயமும்தான். தகுதியுள்ள டாக்டரைத் தவிர வேறு யாரிடமும், அழகு நிலையத்திலோ வீட்டிலோ, அதைச் செய்துகொள்ளாதீர்கள். ரத்தக் குழாயில் ஏறிவிட்டால் பார்வையே போகக்கூடும்.

விசேஷ நாட்களுக்கு மேக்கப் இருக்கிறது. கருப்பை மறைக்கப் பூசும் கன்சீலரை வெளிறிய நிறத்தில் நேராகப் பூசினால் நம் தோலில் அந்த இடம் சாம்பல் பூத்துவிடும். முதலில் ஆரஞ்சு அல்லது பீச் நிறத்தில் துளி ஒற்றி, அதன் மேல் நம் தோல் நிறக் கன்சீலர். நீலத்தையும் ஊதாவையும் ஆரஞ்சு அமுக்கிவிடும். மகளின் பள்ளி ஓவியப் பெட்டியில் வண்ணம் கலப்பதைப் பார்த்திருந்தால் இது எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கிரீமால் தீராதவற்றுக்கு அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான் இருக்கவே இருக்கிறது, குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். ஒரு கண் மட்டும் வீங்கினால், கண்ணோடு காலும் வீங்கினால், இமை மேல் மஞ்சள் திட்டு எழும்பினால் தள்ளிப் போடாதீர்கள். காலும் சேர்ந்து வீங்கினால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். மஞ்சள் திட்டு கொழுப்பு கூடியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். மாதவிலக்கு அதிகமாகப் போகும் பெண்கள் ரத்தச் சோகைக்குச் சோதித்துப் பாருங்கள். உடம்பில் ரத்தம் குறைந்து முகம் வெளிறினால் கருவளையம் தூக்கித் தெரியும். நம் பெண்களில் எத்தனையோ பேர் அந்தச் சோர்வைத் தூக்கக் குறைவு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

11.11, 12.12 என்று இணையக் கடைகளில் மலிவு விற்பனை வரும்போது மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பார்கள். நான் ஒன்றுதான் வாங்குகிறேன், அதுவும் பிராண்டின் அதிகாரப்பூர்வக் கடையில். டியூபின் பின்னால் திறந்த டப்பா படமும் அதில் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் ஆயுள். திறந்த தேதியைப் பேனாவால் அடியில் எழுதி வைத்துவிடுவேன். காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்தக் கிரீமும் நிலைக்காது. என் டியூப் காலை, இரவு பூசியும் இரண்டு மூன்று மாதம் வருகிறது. முடியப் போகும்போதுதான் அடுத்ததுக்குக் கடைப் பக்கம் போவது.